மொய் எழுதும் இயந்திரம்: ஏஐ கமென்ட் என்றால் என்ன?

பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சந்தில் ஒரு அக்கா இட்லி மாவு அரைத்து விற்கிறார். அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கும் பல தமிழ் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை இட்லி அவர் மாவில்தான். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கமும் வைத்திருக்கிறார். போன மாதம் ஒருநாள் கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. நின்றுபோன கிரைண்டரைப் படம் பிடித்து, "பெல்ட் அறுந்துபோச்சு. ரெண்டு நாளைக்கு மாவு இல்ல, மன்னிச்சுக்கோங்க" என்று போட்டார்.

கொஞ்ச நேரத்தில் கமென்ட்கள் வந்தன. "அக்கா, ஞாயித்துக்கிழமையாவது கெடைக்குமா? ஊர்லருந்து ஆள் வராங்க" என்று ஒருவர். "எஸ்.பி. ரோடு பக்கம்தான் போறேன், பெல்ட் வாங்கிட்டு வரட்டா?" என்று இன்னொருவர். மூன்றாவது இப்படி இருந்தது: "பாரம்பரியச் சுவையைப் பாதுகாக்கும் உங்கள் அர்ப்பணிப்பு உண்மையிலேயே பாராட்டுக்குரியது! இந்த அற்புதமான பயணத்தைப் பகிர்ந்தமைக்கு நன்றி. நீங்கள் அரிசியை எத்தனை மணி நேரம் ஊற வைப்பீர்கள்?" அதற்குக் கீழே இதே சாயலில் இன்னும் நான்கு.

அக்கா போனை என்னிடம் நீட்டினார். "இவங்கல்லாம் யாருப்பா? பெல்ட் அறுந்ததுக்கு எதுக்கு என்னைப் பாராட்டுறாங்க?"

அன்று வாசற்படியில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அந்த ஐந்தையும் எழுதியவர் என்று யாரும் இல்லை. யாரோ ஒருவர் ஒரு மென்பொருளை முடுக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அது பதிவுகளைத் தேடிப் போகிறது, படிக்கிறது, கமென்ட் எழுதுகிறது, அடுத்த பதிவுக்கு நகர்கிறது. இதைத்தான் தானியங்கி ஏஐ கமென்ட் என்கிறோம்.

உள்ளே மூன்று பாகங்கள் இருக்கின்றன. கண், வாய், கை என்று வைத்துக்கொள்ளலாம். கண் என்பது பதிவுகளைத் தேடி எடுக்கும் பகுதி. "மாவு", "பிசினஸ்", "பெங்களூர்" என்று சில சொற்களைக் கொடுத்துவிட்டால், அந்தச் சொற்கள் வரும் புதுப் பதிவுகளை அது பொறுக்கி எடுக்கும். கை என்பது எழுதியதைக் கொண்டுபோய் ஒட்டும் பகுதி. மனிதர் தட்டியதுபோல் தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு கமென்டுக்கும் நடுவில் சில நிமிடங்கள் சும்மா காத்திருக்கவும் அதற்குச் சொல்லிவைத்திருப்பார்கள். இந்த இரண்டும் புதிதே கிடையாது, பல வருடங்களாக இருப்பவைதான். புதிதாக வந்தது நடுவில் இருக்கும் வாய்.

முன்பெல்லாம் அந்த வாய்க்கு நாலைந்து வார்த்தைதான் தெரியும். "சூப்பர்", "அருமை", "நைஸ் பிக்" என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள், அதிலிருந்து ஏதோ ஒன்றைக் குருட்டாம்போக்கில் உருவிப் போடும். கல்யாணப் படத்துக்கும் அதே சூப்பர், கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் அதே சூப்பர். பார்த்தவுடனே தெரிந்துவிடும், நாமும் கண்டுகொள்ளாமல் போய்விடுவோம். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது. அதைப்போன்ற மொழி மாதிரிகளைத் தங்கள் கருவிக்குள் யார் வேண்டுமானாலும் இணைத்துக்கொள்ளலாம் என்ற நிலையும் சீக்கிரமே வந்தது. அப்புறம் அந்த வாய் பதிவுக்கு ஏற்றாற்போல் பேச ஆரம்பித்துவிட்டது.

மொழி மாதிரி என்றால் என்ன? "மாவு நல்லா புளிச்சு..." என்று நான் நிறுத்தினால், அக்கா "பொங்கியிருக்கு" என்று முடித்துவிடுவார். ஆயிரம் தடவை கேட்ட பேச்சு. இயந்திரமும் இதையேதான் செய்கிறது. ஆயிரம் தடவைக்குப் பதிலாக, மனிதர்கள் எழுதிவைத்த மலைமலையான எழுத்தை அதற்கு ஊட்டியிருக்கிறார்கள். இதுவரை வந்த சொற்களைப் பார்த்து, அடுத்து எந்தத் துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போடும். ஒரு துண்டைப் போட்டதும் மறுபடி கணக்கு, மறுபடி ஒரு துண்டு. அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். இட்லி எப்படி இருக்கும் என்று அதற்கு ருசி தெரியாது. இட்லி என்ற சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து நடமாடும் என்பது அத்துப்படி.

இன்னொரு சமாச்சாரம், இந்தக் கருவிகளில் பல படத்தைப் பார்ப்பதே இல்லை. செலவு கூடும் என்று எழுத்தை மட்டும் மாதிரிக்கு அனுப்பும். பார்க்கும் கருவிகளும் உண்டு. ஆனால் பார்த்தும் என்ன? அக்கா கிரைண்டர் உடைந்த சோகத்தைப் போட்டதற்குப் பாராட்டு வந்ததன் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அது எனக்குப் புரிந்தது என் அண்ணன் மகனால்.

அவன் ஒசூர்க்காரன். எங்கள் வீட்டில் தங்கி எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறான். வேலை மாற வேண்டும், அதற்கு நாலு பெரிய ஆட்கள் கண்ணில் பட வேண்டும் என்று, வேலை தேடுவோர் கூடும் ஒரு தளத்தில் மும்முரமாக இருந்தான். மாதச் சந்தா கட்டி, பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு ஓடும் ஒரு குட்டி மென்பொருள், எக்ஸ்டென்ஷன் என்பார்கள், வாங்கினான். "சித்தப்பா, நான் சில்க் போர்டு தாண்டுறதுக்குள்ள இருபது கமென்ட் போட்டுடும்" என்றான். சில்க் போர்டு சிக்னலைத் தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது, அங்கே நிற்கும் நேரத்தில் இருபதையும் கையாலேயே எழுதிவிடலாம்.

கருவியின் அமைப்பைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு கட்டளை இருந்தது. இதற்கு பிராம்ப்ட் என்று பெயர். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: நீ அனுபவமுள்ள மென்பொருள் வல்லுநர். கீழே உள்ள பதிவுக்கு மூன்று வாக்கியங்களுக்கு மிகாமல் கமென்ட் எழுது. உற்சாகமாக எழுது. பதிவில் உள்ள ஒரு விஷயத்தைப் பாராட்டு. கடைசியில் ஒரு கேள்வி கேள்.

அக்காவுக்கு வந்த கமென்டை இதன்மேல் வைத்துப் பாருங்கள். பாராட்டு, நன்றி, கேள்வி. அச்சு அசல். உற்சாகமாக எழுது என்று சொல்லிவிட்டால் பெல்ட் அறுந்தாலும் உற்சாகம்தான். கடைசியில் வரும் கேள்வியும் தற்செயலாக வந்ததில்லை. கேள்வி கேட்டால் பதிவர் பதில் சொல்வார், பதில் சொன்னால் எண்ணிக்கை இரண்டாகும்.

அவன் கருவி ஒருநாள் அவனுடைய பழைய டீம் லீடின் பதிவில் போய் உட்கார்ந்தது. அவர் ஆங்கிலத்தில், இத்தனை வருட வேலை இன்றோடு முடிந்தது என்று கௌரவமாக எழுதியிருந்தார். வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்பதை வரிகளுக்கு நடுவில்தான் படிக்க வேண்டும். அண்ணன் மகன் பெயரில் கமென்ட் விழுந்தது: புதிய அத்தியாயத்துக்கு வாழ்த்துகள், உங்கள் வெற்றிப் பயணம் ஊக்கமளிக்கிறது, இதில் நீங்கள் கற்ற முக்கியமான பாடம் எது? ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவன் போனைப் பார்த்தான். அந்த ஆங்கிலக் கமென்டுக்குக் கீழே அவர் தமிழில், தமிழ் எழுத்திலேயே பதில் போட்டிருந்தார்: "வேலை போயிடுச்சுப்பா."

சோறு அப்படியே இருந்தது. மாடிக்குப் போய் அவருக்குப் போன் பண்ணினான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் சந்தா கட்டவில்லை என்பது தெரியும்.

சரி, இத்தனை பேர் ஏன் இதைச் செய்கிறார்கள்? நம் ஊர் மொய்யை நினைத்துக்கொண்டால் சட்டென்று பிடிபடும். என் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் மொய் எழுதினீர்கள், உங்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் எழுதுவேன். நோட்டைப் பார்த்துச் செய்முறை செய்வோம். கமென்டும் இப்படித்தான் ஆகியிருக்கிறது. நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன் என்று வாட்ஸ்அப்பில் குழு அமைத்தே செய்கிறார்கள். பதிவு போட்டதும் குழுவில் லிங்க் விழும், எல்லாரும் ஓடிப்போய் எழுதுவார்கள். ஓடி ஓடிக் களைத்த பிறகு, மொய் எழுதும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டார்கள்.

இந்த மொய்க்கு மதிப்பு வைத்தவை தளங்கள்தான். எந்தப் பதிவை யார் கண்ணில் காட்டுவது என்று தீர்மானிக்கும் கணக்கில் கமென்டுக்கு எடை உண்டு. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், மக்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் பதிவுகளை முன்னே காட்டப்போவதாக அறிவித்தது. விரலால் ஒரு தட்டுத் தட்டினால் லைக் ஆகிவிடும், கமென்டுக்கு மெனக்கெட வேண்டும், ஆகவே அதற்கு எடை அதிகம். நியாயமான யோசனைதான். மெனக்கெடாமலே கமென்ட் வரும் காலம் வரும் என்று அப்போது யார் கண்டார்கள்? எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளம் 2023 ஜூலையில், பதிவுகளுக்குக் கீழே வரும் பதில்களுக்கு நடுவே காட்டும் விளம்பரங்களின் வருமானத்தில் பதிவர்களுக்குப் பங்கு கொடுக்க ஆரம்பித்தது. காசு கட்டி நீல டிக் வாங்கியவர்களின் பதில் மேலே வரும் என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. பதிலில் பணம் என்றதும் பதில் எழுதும் இயந்திரங்கள் எங்கிருந்துதான் முளைத்தனவோ!

ஒரு கமென்ட் எழுத மொழி மாதிரிக்கு ஆகும் செலவு பைசாக் கணக்கில்தான். அக்கா ஒரு கிலோ மாவு விற்கும் காசில் சில நூறு கமென்டாவது போட்டுவிடலாம்.

விளம்பரப் பிரியர்கள் மட்டும் இல்லை. மோசடிக்காரர்களுக்கும் இது தேவைப்படுகிறது. நேற்றுத் திறந்த கணக்கிலிருந்து ஒருவர் "முதலீடு பண்ணுங்க" என்றால் யாரும் நம்பமாட்டோம். ஆறு மாதமாக ஊரெல்லாம் இனிமையாகப் பேசிக்கொண்டிருக்கும் கணக்கு என்றால் கொஞ்சம் காது கொடுப்போம். அக்காவைப் பாராட்டிய ஐந்தில் ஒன்றைத் திறந்து பார்த்தேன். அந்த ஒரே நாளில் அது ஒரு மாட்டுப்பொங்கல் படம், துபாய் வீட்டு விளம்பரம், கிரிக்கெட், ஒரு பல் டாக்டர் எல்லாவற்றையும் பாராட்டியிருந்தது. அந்தக் கணக்குக்குச் சோறு ஊட்டி வளர்க்கிறார்கள் என்பது என் ஊகம். எதற்கு என்பது அவர்கள் அதைப் பயன்படுத்தும்போதுதான் தெரியும்.

இது மாவு வியாபாரத்தோடும் வேலை தேடலோடும் நின்றால் எரிச்சல் என்று விட்டுவிடலாம். 2017-ல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் நெட் நியூட்ராலிட்டி விதிகளை, அதாவது இணையச் சேவை நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் சமமாக நடத்த வேண்டும் என்ற விதிகளை, மாற்றுவது பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேல் கருத்துகள் குவிந்தன. ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் போலி என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் 2021-ல் அறிக்கை வெளியிட்டது. 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் மட்டும் மென்பொருளை வைத்து 77 லட்சம் கருத்துகளை அனுப்பியிருந்தார். இது சாட்ஜிபிடி வருவதற்கு 5 வருடம் முன்பு. போலிகளில் பெரும்பகுதி ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்கள். இன்று அதே ஆள் அதே வேலையைச் செய்தால், 77 லட்சமும் 77 லட்சம் விதமாக இருக்கும்.

நன்றாக எழுதினால் மனிதர்களுக்குத் தெரியுமா? தெரியவில்லை என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ரெடிட் தளத்தில் "என் கருத்தை மாற்றிக் காட்டு" என்று சவால் விட்டு விவாதம் செய்யும் ஒரு பிரிவு உண்டு. அங்கே சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் யாரிடமும் சொல்லாமல் ஏஐ கணக்குகளை உள்ளே விட்டார்கள். சில மாதங்களில் 1,700-க்கும் மேற்பட்ட கமென்ட்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர், மனநல ஆலோசகர் என்றெல்லாம் அந்தக் கணக்குகள் தங்களைச் சொல்லிக்கொண்டன. 2025 ஏப்ரலில் விஷயம் வெளியே வந்தபோது அங்கிருந்தவர்கள் கொதித்துப்போனார்கள், ஆய்வாளர்கள் முடிவுகளை வெளியிடுவதில்லை என்று பின்வாங்கினார்கள். ஒரு இயந்திரத்திடம் தன் சொந்த வேதனையைப் பகிர்ந்துகொண்டவருக்கு எப்படி இருந்திருக்கும்! ஆய்வு என்ற பெயரில் நடந்தாலும் எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

சட்டம் மெதுவாக வருகிறது. போலி விமர்சனங்களுக்கு எதிரான அமெரிக்க விதி 2024 அக்டோபரில் அமலுக்கு வந்தது, ஏஐ எழுதிய போலிகளும் அதில் அடக்கம். நம் நாட்டில் 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென ஒரு தரநிலை வந்தது, வந்தபோது அது கட்டாயம் இல்லை. இரண்டும் முக்கியமாகப் பொருள் வாங்குவோர் எழுதும் விமர்சனங்களைப் பற்றியவை. அக்காவுக்கு வந்ததுபோன்ற வெறும் பாராட்டுக் கமென்ட் இவற்றின் முக்கிய இலக்கு இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று அக்கா கேட்டார். நான் கொஞ்சம் மேதாவித்தனமாக, "சுலபம்க்கா" என்றேன். பெங்களூரில் யாரும் "அர்ப்பணிப்பு", "பகிர்ந்தமைக்கு நன்றி" என்று எழுதுவதில்லை, நம் ஆட்கள் எழுதினால் பாதி தமிழ், கொஞ்சம் கன்னடம், மீதி ஆங்கில எழுத்து என்றுதான் இருக்கும் என்று விளக்கினேன். அவர் பக்கத்தை மேலும் கீழும் தள்ளி இன்னொரு கணக்கையும் காட்டிக்கொடுத்தேன். "தங்கள் நற்பணி தொடர்ந்து சிறக்க வாழ்த்துகிறேன்" என்று பதிவுதோறும் எழுதியிருந்தது. முகப்புப் படம் ஒரு தாமரை. "இதையும் பிளாக் பண்ணிடுங்க, சுத்த மிஷின்."

"ஐயோ, அது பெரியவர்ப்பா! செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை ரெண்டு கிலோ வாங்குறவரு. தமிழ்ச் சங்க லைப்ரரியில பேப்பர் படிச்சிட்டு அந்தப் பக்கமாத்தான் நடந்து வருவாரு."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் இந்தத் தப்பைப் பெரிய பெரிய ஆட்களே செய்திருக்கிறார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை 2023 ஜனவரியில் வெளியிட்டது. அவர்கள் கணக்குப்படியே அது ஏஐ எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் சரியாகப் பிடித்தது, மனிதர்கள் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்று தவறாகச் சொன்னது. அந்த வருட ஜூலையிலேயே அந்தக் கருவியை மூடிவிட்டார்கள். அதே வருடம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு கருவிகளை எடுத்து, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை ஏஐ எழுதியது என்று அவை சொல்லிவிட்டன. படித்த பாடத்தை வைத்து, தெரிந்த சொற்களால், இலக்கணம் பிசகாமல் எழுதுகிறவர்கள்மேல்தான் பழி விழுகிறது. ஒசூரிலிருந்து வந்து ஆங்கிலத்தில் மெயில் எழுதும் பையனும், தாமரைப் படம் வைத்த பெரியவரும் அந்த வரிசையில் நிற்பவர்கள்.

அதனால் இப்போது நான் நடையைப் பார்ப்பதில்லை. பதிவில் இல்லாத எதையாவது அந்தக் கமென்ட் தெரிந்துவைத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். எஸ்.பி. ரோடு போகிறவருக்கு பெல்ட் எங்கே கிடைக்கும் என்று தெரியும். விருந்தாளி வரும் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு தேவை இருக்கிறது. பெரும்பாலான இயந்திரக் கமென்ட், பதிவு சொன்னதையே எடுத்து ஜரிகை கட்டித் திருப்பித் தரும். சந்தேகம் தீரவில்லை என்றால் கணக்குக்குள் போய், ஒரு நாளில் எத்தனை இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பேன். வேடிக்கைக்காக, "முன்னால் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு ஒரு தோசைக் கவிதை எழுது" என்று பதில் போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. 2024-ல் இது பெரிய விளையாட்டாகவே நடந்தது, சில தானியங்கிக் கணக்குகள் சமர்த்தாகக் கவிதையும் எழுதின. கட்டளையையும் பதிவையும் ஒரே எழுத்தாகப் படிப்பதால், எது முதலாளி சொன்னது, எது வழியில் போகிறவர் சொன்னது என்று அவற்றுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போகும் கோளாறு அது. இப்போது பல கருவிகள் உஷாராகிவிட்டன, கவிதை வரவில்லை என்பதற்காக மனிதர் என்று நம்பிவிடக் கூடாது.

அக்கா இந்தச் சோதனை எதுவும் செய்யவில்லை. அமைப்புக்குள் போய், தன்னைப் பின்தொடர்பவர்கள் மட்டும் கமென்ட் போடலாம் என்று மாற்றி வைத்தார். "பாராட்டுக்குரியது" என்ற சொல்லை மறைக்கும் பட்டியலில் சேர்க்கட்டுமா என்று நான் கேட்டதற்கு, "வேணாம், பெரியவர் எழுதுவாரு" என்றுவிட்டார்.

பெல்ட் மாட்டி, வாரக் கடைசியில் மாவு வந்தது. புதுப் படத்துக்குக் கீழே முதல் கமென்ட் தாமரையிடமிருந்து: "நேற்று வாங்கிய மாவு சற்றே புளிப்பு மிகுந்திருந்தது. எனினும் தோசைக்கு உகந்தது. அடுத்த முறை வெந்தயம் குறைத்திடுக."

அக்கா கீழே பதில் போட்டிருந்தார். "வெந்தயம் சரியாத்தான் போட்டேன் ஐயா. நீங்கதான் ராத்திரி ஃப்ரிட்ஜுல வெக்கல."